அம்மாவின் ஜவ்வரிசிக் கஞ்சி

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஜவ்வரிசி மில் இருக்கும் இடம் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். கிழங்கு புளித்த வாடை. எங்களுக்கு அது சோறு போட்ட வாடை. அப்பா 30 வருஷம் மில் வேலை பார்த்தவர். காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, விரதமா... எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சிதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்த பிறகும் அது நிற்கவில்லை. “லேசான சாப்பாடு கண்ணு, குளிர்ச்சி. இதுல ஒரு துளி சர்க்கரை போடலையே?” என்பார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேறு கதை சொன்னது.

பதினொன்றாம் வகுப்புக்கு ‘உயிரி மூலக்கூறுகள்’ பாடம் நடத்துகிறவள் நான். அம்மாவுக்கு அதை மில் கணக்கில்தான் சொன்னேன். குச்சிக்கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிப்பார்கள். மேலே தங்குவது திப்பி. கீழே இறங்கும் பால் தொட்டியில் படிந்து மாவாகும். அதைத் துணியில் போட்டுக் குலுக்கினால் உருளும்; சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. (மலேயாவில் இது ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த பொருள். இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றபோதுதான் சேலத்துக்காரர்கள் மரவள்ளியில் செய்து பார்த்தார்கள். இன்று நாம் சாப்பிடுவது இதைத்தான்.)

அந்த மாவு முழுக்க குளுக்கோஸ்தான். சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி. ஐந்தில் ஒரு பங்கு போல அமைலோஸ். மீதியெல்லாம் கிளை கிளையாக விரியும் அமைலோபெக்டின். கொதிக்கவைத்தால் சங்கிலிகளுக்குள் தண்ணீர் புகுந்து கண்ணாடி மாதிரி ஆகும். அப்புறம் நம் எச்சிலுக்கும் குடலுக்கும் அதை வெட்ட அதிக நேரம் வேண்டாம். 100 கிராம் ஜவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட். புரதம் அரை கிராம்கூடத் தேறாது.

திப்பியின் நாரில் இருக்கும் செல்லுலோஸும் அதே குளுக்கோஸ்தான். ஒரு வித்தியாசம்: ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பிக் கைகோத்திருக்கும். அந்தக் கோர்வையை வெட்டும் கத்தி நம் உடம்பில் இல்லை.

“அப்படின்னா திப்பி திங்கற மாட்டுக்குல்ல சர்க்கரை ஏறணும்?” என்றார் அம்மா. என் வகுப்பில் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி! மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் நாரை உடைத்து, பெரும்பாலும் அமிலங்களாக்கித்தான் மாட்டுக்குக் கொடுக்கின்றன. சர்க்கரையாக அப்படியே ரத்தத்தில் ஏறுவதில்லை.

போன வருஷம் டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். அம்மாவுக்குக் கோபம். “இத்தனை மாத்திரை முழுங்கறேன், இதையும் மாத்திரையா கொடுத்தா என்னவாம்?”

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள். அதன் வரிசையைக் கண்டுபிடித்ததற்குத்தான் பிரெடெரிக் சேங்கர் 1958-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால், வயிற்றுக்கு மருந்து, சாப்பாடு என்ற பேதம் தெரியாது. நாமக்கல் முட்டையைச் செரிக்கிற மாதிரியே இதையும் துண்டு துண்டாக்கிவிடும்.

முட்டையைச் சொன்னதும் அம்மாவுக்கு இன்னொன்றும் பிடிபட்டது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி இருக்கும். சூடு பட்டால் அதிலுள்ள புரதங்களின் மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கி வெளுத்துவிடும். ஆறவைத்தாலும் பழையபடி ஆகாது. வெயிலில் கிடந்த இன்சுலினும் அப்படித்தான், வடிவம் குலைந்தால் வேலை செய்யாது.

கஞ்சி இப்போது மாசத்துக்கு ஒரு நாள், அரைக் கிண்ணம். அது டாக்டர் ஒத்துக்கொண்ட அளவு. கூட ஒரு அவித்த முட்டை. மருந்து ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆத்தூருக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினால், ஈரத்துணி சுற்றிய குட்டி மண்சட்டியில் அதை வைத்து, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வேண்டாமென்று உள்பக்க சீட்டாகப் பார்த்து உட்காருகிறார்.