மூத்தவளின் கண்கள்

பெண் மக்களைப் பெற்றவர்களுக்கு உற்றார் கூறும் முதல் அறிவுரை, "இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்" என்பதே. எங்களுக்கு இரண்டாவது மகள் பிறந்த அன்று, கட்டிலருகே நின்ற பெரியவர் ஒருவர் குழந்தையின் முகத்தைப் பார்த்த கையோடு எங்களை நோக்கி, "இரண்டும் பெண்ணாகிவிட்டதே; இனி உங்களுக்கு உறக்கம் கூடாது" என்றார். அவர் அன்பினால்தான் சொன்னார். நாங்களும் அதனை வேதவாக்காகவே கொண்டோம். அடுத்த ஏழு ஆண்டுகள் எங்களுக்கு உறக்கம் குறைவாகவே இருந்தது.

நாங்கள் வசிப்பது திருச்சிராப்பள்ளியில். எங்களுள் ஒருவர், பகல் வேலை முடிந்ததும் மாலை 6 மணிக்கு ஒரு கடையில் கணக்கெழுதச் சென்று, இரவு 10 மணிக்கு வீடு திரும்புவார். மற்றவர் வீட்டு வேலைகளை முடித்துத் தையல் இயந்திரத்தின் முன் அமர்வார். இரு மகள்களின் பெயரிலும் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கியிருந்தோம். 2015-ஆம் ஆண்டில் வந்த அத்திட்டத்தில் 10 வயதுக்குள் கணக்குத் தொடங்கி, 15 ஆண்டுகள் பணம் கட்டிவர வேண்டும். அதற்குமேல் சிறிது சிறிதாக நகையும் சேர்த்தோம். பிள்ளைகளுக்காகவே பாடுபடுகிறோம் என்பதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. அப்பிள்ளைகளோடு இருப்பதற்கு நேரமில்லாமற் போனது மட்டும் எங்கள் கணக்கில் ஏறவில்லை.

2025-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையின் இறுதி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையும் மூடியிருந்தது. திருப்பலி முடிந்ததும், புளிச்சோறு கட்டிக்கொண்டு முக்கொம்பு செல்வதென்று முடிவு செய்தோம். நகருக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து செல்லும் இடம் அது. நால்வரும் சேர்ந்து வெளியே புறப்பட்டு எத்தனை மாதங்களாயின என்று எண்ணிப் பார்த்தோம், விடை வரவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தில் கூட்டம் மிகுதியாக இருந்தது. காத்திருக்கும் நேரத்தைப் போக்க, "முக்கொம்பு என்று பலகை போட்ட வண்டியை முதலில் காண்பவருக்குக் கடலை மிட்டாய்" என்று ஒரு பந்தயம் வைத்தோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் இரண்டாம் வகுப்புக்காரி, சின்னவள், வண்டி வளைவில் திரும்பும்போதே "அதோ!" என்று கூவிவிட்டாள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மூத்தவள் பலகை இருந்த திசையைப் பார்க்கவேயில்லை. தங்கைக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று எண்ணி அவளைத் தட்டிக்கொடுத்தோம்.

ஆற்றங்கரையில் உணவருந்திக்கொண்டிருந்தபோது, நீரின் நடுவே நின்ற ஒரு கொக்கைச் சின்னவள் காட்டினாள். மூத்தவள் "எங்கே?" என்றாள். "அதோ, அந்த மணல் திட்டின்மேல்" என்றோம். கண்களைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாம், ஆமாம்" என்றாள். கொக்கு அதற்குள் பறந்து போயிருந்தது.

எங்கள் இருவர் கையிலும் எடுத்த சோறு அப்படியே நின்றது.

அதன்பின் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆலயத்தில் பாடல் எண் பலகையை அவள் ஒருபோதும் பார்ப்பதில்லை. தங்கையின் காதருகே குனிந்து கேட்டுக்கொள்வாள். அதைப் பேச்சென்று கருதிப் பலமுறை கண்டித்திருக்கிறோம். "கரும்பலகையில் உள்ளதை எழுதி எடுப்பதில் கவனமில்லை" என்று பள்ளியிலிருந்து இருமுறை குறிப்பு வந்தது. அதற்காக அவளை ஒருநாள் அடிக்கவும் செய்தோம். எழுதுவதற்கே நாணமாயிருக்கிறது, ஆயினும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவளுக்குக் கிட்டப்பார்வை. இரு கண்களுக்கும் மைனஸ் 2 அளவுள்ள கண்ணாடி தேவை என்றார் மருத்துவர். அரை மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் அவளுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்று விளக்கினார். அரை மீட்டர் என்பது ஏறக்குறைய அவள் கை எட்டும் தொலைவு. அதற்கு அப்பால், எங்கள் முகங்கள் உட்பட அனைத்தும், நெடுநாளாகவே அவளுக்கு மங்கலாக இருந்திருக்கின்றன.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் அவளை மடியில் இருத்தி, "ஏன் அம்மா எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டோம். முதலில், தூரத்தில் உள்ளவை எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தாளாம். பின்னர் அது உண்மையன்று என்று அறிந்துகொண்டாள். ஆனால் அதற்குள், உறவினர் திருமணம் ஒன்றில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டாள். கண்ணாடி அணிந்த ஒரு பெண்ணைப்பற்றி, "இவளுக்கு வரன் அமைய இன்னும் பத்துப் பவுன் கூடுதலாகக் கேட்பார்கள்" என்று யாரோ சொன்னார்களாம். "நீங்கள் இப்போதே ராத்திரி முழுவதும் வேலை செய்கிறீர்களே அப்பா" என்றாள்.

பத்து வயதுக் குழந்தை எங்கள் சுமையைக் குறைப்பதற்காகத் தன் கண்களை மறைத்து வைத்திருந்தாள். வரதட்சணையைத் தடைசெய்யும் சட்டம் 1961-லேயே இயற்றப்பட்டது. எனினும், பந்திப் பேச்சிலும் நள்ளிரவுக் கணக்குகளிலும் அதனை உயிரோடு வைத்திருப்பவர்களுள் நாங்களும் இருந்தோம் என்பதை அன்று உணர்ந்தோம்.

கண்ணாடி வந்த நாளில், கடை வாயிலில் நின்று எதிர்ப்புறத்துப் பெயர்ப்பலகைகளை எல்லாம் உரக்கப் படித்தாள். வீட்டுக்கு வந்ததும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, "இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன!" என்றாள். மாடிக்கு ஓடி மலைக்கோட்டையைப் பார்த்தாள்; லூர்து அன்னை ஆலயக் கோபுரத்தையும் பார்த்தாள். இறுதியாகத் திரும்பி எங்களைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு நரைமுடி இருக்கிறதே!" என்று வியந்தாள். நாங்கள் சிரித்தோம்; அழவும் செய்தோம்.

இப்போது கடைக் கணக்கு வேலை வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே. தையல் இயந்திரம் மாலை 7 மணிக்கு உறை போட்டுக்கொள்கிறது. நகை சேர்ப்பதை நிறுத்திவிட்டோம். அஞ்சலகக் கணக்குத் தொடர்கிறது. 18 வயதில் அதில் பாதிவரை மேற்படிப்பிற்கு எடுக்கலாம் என்பதால், அதன் நோக்கத்தைப் படிப்பு என்று மாற்றி எழுதிக்கொண்டோம். மாதக் கடைசியில் கை சற்று இறுகத்தான் செய்கிறது. அதை இல்லையென்று சொல்லமாட்டோம்.

பகல் வெளிச்சத்தில் நாள்தோறும் 2 மணி நேரமேனும் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவும் என்று மருத்துவர் கூறியதால், சின்னவளை முன்னிட்டு மாலையில் நால்வரும் திடலுக்குச் செல்கிறோம். இருட்டியபின் பாட்டியின் பல்லாங்குழி வெளியே வருகிறது. 14 குழிகள், குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள். மூத்தவள் எங்கள் இருவரையும் எளிதில் வென்றுவிடுகிறாள். அவள் கணக்கில் இத்தனை வல்லவள் என்பதும் எங்களுக்குத் தெரியாமலிருந்த செய்திதான்.

அண்மையில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "இந்த வயதிலேயே கண்ணாடியா? நாளைக்குப் பெண் பார்க்க வருபவர்கள்..." என்று தொடங்கினார். மூத்தவள் பல்லாங்குழியிலிருந்து தலை நிமிர்ந்தாள். அவள் கேட்கும்படியாகவே, "கண்ணாடியைக் கண்டு திரும்புகிறவர்களுக்கு வழிச்செலவு நாங்களே கொடுத்தனுப்புவோம் மாமா" என்றோம். அவள் புன்னகையுடன் குனிந்து, எங்கள் குழியிலிருந்த காய்களை அள்ளிக்கொண்டாள்.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் கண்களைப் பரிசோதியுங்கள் என்று மட்டும் சொல்வதற்காக இதனை எழுதவில்லை, அதையும் செய்யுங்கள். ஒரு பயனுமின்றிப் பேருந்துக்குக் காத்திருந்த அந்த அரைமணி நேரத்தில்தான் எங்கள் மகளை நாங்கள் கண்டோம். அவளுக்காக உழைத்த ஏழு ஆண்டுகளில் காணவில்லை.

சென்ற மாதம் மீண்டும் முக்கொம்பு சென்றோம். அதே பந்தயம். இம்முறை வண்டி வளைவுக்கு வருமுன்னரே மூத்தவள் கண்டுவிட்டாள். தோற்றுப்போன சின்னவள் தனக்கும் கண்ணாடி வேண்டுமென்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். கடலை மிட்டாயில் பாதியை அக்காள் உடைத்துக் கொடுத்த பிறகே ஓய்ந்தாள்.