குறுந்தகட்டுக்குத் துணைப்பொருள் வாங்குமுன்



குறுந்தகட்டின் காலம் முடிந்துபோயிற்றே, இப்பொழுது அதைப்பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாப் பாடல்களும் கைப்பேசியிலேயே கிடைக்கிற நாட்கள் இவை. ஆயினும் இந்த மும்பையில் நம்முடைய ஜனங்களின் வீடுகளுக்குள் சென்று பாருங்கள். அலமாரியின் மேல்தட்டிலோ, கட்டிலுக்கு அடியிலுள்ள டிரங்குப் பெட்டியிலோ ஐம்பது, நூறு தகடுகள் இன்னும் பத்திரமாய் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வாங்கிவந்தவை, பிள்ளையின் திருமணத்தன்று பதிவுசெய்தவை, மரித்துப்போன தகப்பனார் தம்முடைய குரலில் பாடிவைத்தவை என்று அவை பலவிதம். அவற்றில் அநேகம் வேறெங்கும் கிடைக்கமாட்டா.

ஒலிக்கருவிகளைப் பழுதுபார்ப்பதே முப்பது ஆண்டுகளாக இந்நகரத்தில் எனக்குப் பிழைப்பு. "பிரதர், சி.டி. சத்தம் இன்னும் நன்றாய்க் கேட்பதற்கு ஏதாவது வாங்கி மாட்டலாமா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களில் பலர் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடுகிறவர்கள். ஆகையால் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது என்பதை நான் அறிந்தமட்டும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, அந்தத் தகடு எப்படிப் பாடுகிறது என்பதைக் கவனியுங்கள். 1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் குறுந்தகடு இயக்கி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த அளவுகளே இன்றுவரை மாறாமல் இருக்கின்றன: 12 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் கனம். ஒலி ஒவ்வொரு நொடியும் 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. அந்த எண்களே மிக நுண்ணிய பள்ளங்களாக, உள்ளிருந்து வெளியே சுற்றிச்செல்லும் ஒரே பாதையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. முழுத்தகட்டின் பாதையை நீட்டிவைத்தால் 5 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி அதை வாசிக்கிறது.

தகட்டில் தூசி விழும், கீறலும் விழும் என்பதை அதைப் படைத்தவர்கள் அறியாதவர்கள் அல்ல. அதற்கென்று ஒரு திருத்த முறையை உள்ளேயே வைத்தார்கள். 1960ஆம் ஆண்டில் ரீட், சாலமன் என்னும் இரண்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. நீங்கள் ஊருக்கு எழுதும் நீண்ட கடிதம் ஒன்றை எழுத்தெழுத்தாய்க் கலைத்து நூறு தபால் பைகளில் பிரித்துப் போடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பை தொலைந்தாலும் கடிதத்தின் ஒரு பக்கம் முழுவதும் போய்விடுவதில்லை. அங்கங்கே ஓர் எழுத்துத்தான் குறையும். கூடவே அனுப்பிய சரிபார்ப்புக் குறிப்பைக்கொண்டு அந்த எழுத்தையும் கண்டுபிடித்து நிரப்பிவிடலாம். இவ்விதமாய், பாதையின் நெடுக ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்துபோனாலும் இயக்கி அதை ஒரு குறையுமின்றி மீட்டுக்கொள்ளும். அதற்கும் மிஞ்சினால் பக்கத்து அளவுகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். அதுவும் கூடாமற்போனால் சொடுக்கும், குதிக்கும், அல்லது மௌனமாகிவிடும்.

இந்த ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லுகிறவற்றில் பாதியைத் தள்ளிவிடலாம். பழைய ஒலிநாடா தேயத்தேய ஒலி மங்கும். குறுந்தகடு அப்படி மங்குவதில்லை. எண்களைச் சரியாக வாசித்தால் சரியாகப் பாடும், வாசிக்கமுடியாவிட்டால் இடறும். "இதைத் தகட்டின்மேல் வைத்தால் கீழ்ஸ்தாயி ஆழமாகும், குரல் தேனாய் இனிக்கும்" என்று ஒருவர் சொன்னால், அந்த இனிப்பு எந்த வழியாய் நுழைகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

பச்சைமைப் பேனாவைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1990ஆம் ஆண்டையொட்டி மேல்நாடுகளில் பரவிய மோகம் அது. தகட்டின் ஓரத்தில் பச்சை மை பூசினால், சிதறித் திரியும் லேசர் ஒளியை அது விழுங்கிவிடுமாம், ஒலி சுத்தமாகுமாம். பச்சை மை சிவப்பு ஒளியை விழுங்கும் என்பது மெய்தான். ஆனால் லேசரோ 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. நம்முடைய கண்ணுக்குப் பச்சையாய்த் தெரிகிற மை அந்த ஒளியை விழுங்கத்தான் வேண்டும் என்று ஒரு நியாயமும் இல்லை. அப்படியே விழுங்கினாலும், ஏற்கெனவே பிழையின்றி வாசிக்கப்படும் எண்களை அது எப்படி அதைவிடச் சரியாக்கும்?

காந்தநீக்கி என்று ஒன்று உண்டு. தகட்டை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தவேண்டும். விலையோ ஆயிரக்கணக்கான ரூபாய். தகட்டின் உள்ளே இருப்பது அலுமினியம். உங்கள் வீட்டு அலுமினியச் சட்டியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டுகிறதா? லேபிளின் மையில் இரும்புத்துகள் இருக்கிறது என்று விற்பவர்கள் சாதிப்பார்கள். இருந்தாலும் என்ன, லேசர் வாசிப்பது ஒளியை அல்லவா, காந்தத்தை அல்லவே.

தகட்டின்மேல் வைக்கும் விரிப்பு, ஓரத்தில் மாட்டும் ரப்பர் வளையம் ஆகியவை வீண்செலவு மாத்திரமல்ல, கேடும் செய்யக்கூடியவை. தகடு நிமிடத்துக்கு 500 முறை சுற்றத் தொடங்கி, வெளிவிளிம்பை நெருங்குகையில் 200 முறையாகக் குறைகிறது. அந்தக் குறிப்பிட்ட எடைக்கென்று அமைந்த சிறிய மோட்டார்மேல் நாம் ஏன் பாரத்தை ஏற்றவேண்டும்? கார்களில் உள்ள, தகட்டை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் இயக்கிகளில் இந்த வளையங்கள் கழன்று உள்ளே சிக்கிக்கொண்டதை நானே பலமுறை பிரித்து எடுத்திருக்கிறேன். காகித ஸ்டிக்கரும் இப்படிப்பட்டதே. ஒரு பக்கம் கனத்தால் தகடு ஆடும். உரிக்கும்போது அலுமினியத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

"ஆனால் எனக்கு வித்தியாசம் கேட்கிறதே" என்பீர்களாகில், நான் உங்களோடு வாதாடமாட்டேன். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே தகட்டின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கு மாத்திரம் அந்த வைத்தியத்தைச் செய்யுங்கள். நீங்கள் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருக்க, உங்கள் மகன் தன் இஷ்டப்படி பத்துமுறை மாற்றி மாற்றிப் போடட்டும். எதைப் போட்டான் என்பதை அவன் குறித்துவைக்கட்டும், நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்பதை நீங்கள் குறியுங்கள். ஒலியளவுத் திருகை மாத்திரம் யாரும் தொடலாகாது. ஏனென்றால் சற்றே சத்தம் கூடினாலும் நம்முடைய காது அதை "நல்ல ஒலி" என்று எண்ணிக்கொள்ளும். கடைகளில் ஒப்பிட்டுக் காட்டும்போது இந்தத் திருகையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பிரயோஜனமுள்ள துணைப்பொருள் ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆனால் அவை மலிவானவை, ஆகையால் அவற்றை யாரும் புகழ்ந்து விற்பதில்லை. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கிற வீடுகளில் தாளிக்கிற எண்ணெய்ப்புகை லேசரின் கண்ணாகிய வில்லையின்மேல் படிகிறது. நல்ல தகடும் இடறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சிறு தூரிகை பதித்த துப்புரவுத் தகடு தூசியை அகற்றும். எண்ணெய்ப் படலத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சி வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அழுத்தாமல், இறகால் தொடுவதுபோல் துடைக்கவேண்டும். வில்லை மெல்லிய தாங்கியில் தொங்குகிறது. மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கலாகாது, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கண்ணைக் கெடுக்கும்.

தகட்டைத் துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். தட்டுக் கழுவுவதுபோல் வட்டமாகத் துடைத்தால், உண்டாகும் கீறல் பாதையோடு பாதையாய் நீண்டு அந்த இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். பாதைக்குக் குறுக்கே விழுந்த கீறலையோ இயக்கி எளிதில் சமாளிக்கும். தண்ணீரும் ஒரு துளி மென்சோப்பும் போதும். பெட்ரோல், தின்னர் ஆகாது. வேறொன்றும் சொல்லவேண்டும்: பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காக்கிற நாம், லேபிள் பக்கத்தைக் கீழே வைத்துத் தேய்க்கிறோம். அலுமினியப் படலம் இருப்பதோ லேபிளுக்குச் சற்றே கீழே, ஒரு மெல்லிய பூச்சின் காவலில். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றி ஓரளவு சரிசெய்யலாம்; மேற்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிக் கெடுத்ததை ஒருவராலும் சரிசெய்யமுடியாது.

"உம்ம்ம்" என்ற இரைச்சல் ஓயாமல் கேட்டால் தகட்டைக் குறைசொல்லாதீர்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். நம்மவர்கள் குடியிருக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றில் எர்த் இணைப்பு பெயரளவில்தான். இயக்கி, ஆம்பிளிஃபயர் இரண்டையும் ஒரே பிளக் பலகையில் சொருகிப் பாருங்கள்; பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். எர்த் கம்பியை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யோசனை சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. ஒரு பக்க ஒலிபெருக்கி மாத்திரம் வந்து வந்து போனால், சிவப்பு வெள்ளை முனைகளில் பச்சை பூத்திருக்கும். கடற்காற்றடிக்கும் இந்நகரத்தில் இது சகஜம். முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது உறுதியான சாதாரணக் கம்பி ஒன்றை வாங்குங்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு அருகே லேமிங்டன் ரோட்டில் நூறு, இருநூறு ரூபாயில் கிடைப்பது போதுமானது.

மெய்யாகவே ஒலி மேம்படவேண்டுமென்றால் ஒலிபெருக்கியையும் அறையையும் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தரையில் ஓடு, சுவரில் எனாமல். ஒலி அங்கே பந்துபோல் மோதித் திரும்புகிறது. அலமாரியின் உச்சியில், மூலையோடு ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருக்கும் இரண்டு பெட்டிகளையும் இறக்குங்கள். உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில், ஆறடி இடைவெளியில், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, உங்களை நோக்கித் திருப்பி வையுங்கள். எதிர்ச்சுவரில் கனமான திரையோ, கொடியில் ஒரு ஜமுக்காளமோ தொங்கட்டும். ஒரு காசும் செலவில்லை. இதைச் செய்துவிட்டு அதே தகட்டைப் போட்டபோது, "தம்பி, புதுசா என்ன மாட்டினீங்க?" என்று ஒரு வீட்டுப் பெரியவர் என்னைக் கேட்டார்.

இப்பொழுது நான் உங்களிடம் முக்கியமாய்ச் சொல்ல நினைத்த காரியத்துக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சகோதரி ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், ஒரு பையோடு என்னிடம் வந்தார். 2004ஆம் ஆண்டில் அவருடைய கணவர் பாடிய பதினான்கு பாடல்கள் ஒரே ஒரு தகட்டில் இருந்தன. கணவர் மரித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பாட்டு நின்று நின்று வரவே, அவர் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் ஒரு காந்தநீக்கியையும், ஒரு விரிப்பையும், சிறிய புட்டியில் ஏதோ திரவத்தையும் கொடுத்து, பிள்ளை அனுப்பிய பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

"இதெல்லாம் போட்டும் அவங்க குரல் வரமாட்டேங்குதே தம்பி" என்றார்.

தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்தேன். ஊசிமுனையளவு துவாரங்கள் வழியாய் வெளிச்சம் வந்தது. அது ஆலையில் அச்சிட்ட தகடு அல்ல, கணினியில் எழுதியது. அப்படிப்பட்ட தகட்டில் பள்ளங்கள் இல்லை. ஒரு சாயப்படலத்தில்தான் பதிவு இருக்கிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தைக் காலப்போக்கில் அழிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழே அத்தனை ஆண்டுகள் இருந்தது அது.

"அக்கா, இதைப் பாடவைக்கிறதுக்கு இனி ஒன்றும் மாட்ட வேண்டாம். உள்ளே மிச்சம் இருக்கிறதை முதலில் எடுத்துவிடுவோம்" என்றேன்.

கணினியில் மிகக் குறைந்த வேகத்தில் வாசிக்கவிட்டோம். ஒரு டிரைவ் வாசிக்க மறுத்ததை வேறொன்று வாசித்தது. மூன்று டிரைவ்களை மாற்றினோம். ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. பதினோரு பாடல்கள் முழுமையாகவும், ஒன்று பாதியாகவும் கிடைத்தன. இரண்டு போய்விட்டன. அந்த இரண்டில் ஒன்று அவர்களுடைய மகளின் ஞானஸ்நானத்துக்கென்று அவரே இயற்றியதாம். சகோதரி ஒன்றும் சொல்லாமல் அந்தப் பாட்டின் முதலடியை மெதுவாய் முணுமுணுத்துப் பார்த்தார். இரண்டாம் அடி அவருக்கு நினைவில் வரவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் கணினியில் எழுதிய தகடுகள் இருக்குமானால், இந்த மாதமே அவற்றை எடுத்துப் பாருங்கள். இப்பொழுதைய மடிக்கணினிகளில் தகடு போடும் வாய் இருப்பதில்லை, யு.எஸ்.பி.யில் சொருகும் டிரைவ் ஒன்றைச் சபையிலோ தெருவிலோ பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிக்கொண்டால் போதும். எம்.பி.3 ஆகச் சுருக்காமல், வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் எடுங்கள். வேவ் வடிவில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். முழுத்தகடும் 850 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு பிரதி உங்களிடமும், மற்றொன்று ஊரிலுள்ள உடன்பிறந்தவரிடமும் இருக்கட்டும். யார் பாடியது, எந்த ஆண்டு, எந்த இடம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். எடுத்தபின்பு ஒவ்வொரு பாட்டையும் கடைசிவரைக்கும் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். முதல் நிமிடத்தை மாத்திரம் கேட்டுவிட்டு நிறுத்தவேண்டாம். எழுதப்பட்ட பாதை உள்ளிருந்து வெளியே செல்லுகிறதாகையால், விரல்படும் ஓரத்தில் இருக்கிற கடைசிப் பாடல்களே பெரும்பாலும் முதலாவது கெட்டுப்போகின்றன.