வாயிலில் நின்றவர்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடித்த மாணவர் பலரும் ஏதேனும் ஒரு கல்லூரியின் வாயிலில் நிற்கின்றனர். சில வாயில்கள் மதிப்பெண்ணை மட்டும் கேட்கின்றன. சில வாயில்களோ 'இங்குப் பயில ஏன் விரும்புகிறாய்?' என்றும் கேட்கின்றன. அவ்வினாவிற்குரிய விடையைக் கூரத்தில் பிறந்த ஓர் அறிஞரின் வாழ்விலிருந்து தேடுகிறது இக்கட்டுரை.

கற்போரும் காவலரும்

காஞ்சிபுரத்தை அடுத்து அமைந்துள்ள சிற்றூர் கூரம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் இவ்வூர்ச் சிவன்கோவிலுக்கு அளித்த கொடையைக் கூரம் செப்பேடு எடுத்துரைக்கிறது. வழிபாட்டிற்கும் கோவிலைப் பழுதுபார்ப்பதற்கும் மட்டுமன்றி, மண்டபத்தில் பாரதம் படித்துப் பொருள் கூறுவதற்கும் அக்கொடையில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. கேட்பதும் கற்பதும் ஊரின் அன்றாடத் தேவைகளாகக் கருதப்பட்ட காலம் அது.

அருகிலிருந்த காஞ்சியில் கடிகை என்னும் உயர்கல்விக்கூடம் விளங்கியது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், இளமையில் தம் ஆசிரியருடன் அங்குக் கற்கச் சென்ற செய்தியைக் கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. காஞ்சியிலிருந்து சென்ற தருமபாலர் வடநாட்டின் நாளந்தாவில் தலைமையாசானாகத் திகழ்ந்தார். அவருக்குப்பின், ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவில் தங்கிக் கற்ற சீனப் பயணி யுவான் சுவாங், அதன் வாயிலைப் பற்றி எழுதியுள்ளார். கற்க வருவோரிடம் வாயிற்காவலர் கடினமான வினாக்களைத் தொடுப்பர்; பதின்மரில் எழுவரோ எண்மரோ விடையளிக்க இயலாது திரும்பிச் செல்வர் என்பது அவர் தரும் செய்தி. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று.

வினாவிற்கு விடை கூறுவது அறிவின் அளவைக் காட்டும். கற்க வந்தவர் உள்ளபடியே விரும்பித்தான் வந்தாரா என்பதை எதைக்கொண்டு அறிவது? இதற்குக் கூரத்தாழ்வானின் வாழ்வில் மூன்று நிகழ்ச்சிகள் விடை தருகின்றன.

ஒரு திங்கள் காத்திருப்பு

கூரத்தில் செல்வக்குடியில் பிறந்தவர் கூரத்தாழ்வான். இராமாநுசருக்கு மாணவரான அவர், தம் பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கம் சென்றார். இராமாநுசரே ஆசிரியரின் வாயிலில் நின்று பழகியவர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடந்தவர் அவர் என்பது குருபரம்பரை நூல்களின் கூற்று. பின்னர் அந்நம்பியிடமே அவர் கேட்டறிந்த மற்றோர் அரும்பொருளைத் தகுதியை ஆராய்ந்த பின்னரே பிறருக்குரைக்க வேண்டும் என்பது கட்டளை. அதனைக் கேட்க விரும்பிய கூரத்தாழ்வானிடம், ஓராண்டு பணிசெய்து காத்திருக்க வேண்டும் என்றார் இராமாநுசர். 'ஓராண்டு இவ்வுடல் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி ஏது?' என வினவினார் ஆழ்வான். அவ்வாறாயின் ஒரு திங்கள் உண்ணாநோன்புடன் வாயிலில் இருத்தல் ஓராண்டுப் பணிக்கு ஈடாகும் என விடை வந்தது. அவர் அங்ஙனமே இருந்து பொருளைப் பெற்றார்.

அதே பொருளை விரும்பிய முதலியாண்டான், இராமாநுசரின் உடன்பிறந்தாள் மகன். உறவு அவருக்கு வாயிலைத் திறந்துவிடவில்லை. நம்பியிடம் சென்று ஆறு திங்கள் காத்திருந்த அவருக்குக் கல்வி, செல்வம், குலம் ஆகியவற்றால் வரும் செருக்கு நீங்க வேண்டும் என்னும் அறிவுரையே கிடைத்தது. பெரிய நம்பியின் மகள் அத்துழாயின் புகுந்த வீட்டில் சமையற்பணி செய்தபின்னரே அவர் பொருளைப் பெற்றார். இவ்விருவரின் காத்திருப்பும் வெறும் காலம் கழித்தல் அன்று. தாம் எதனை நாடுகிறோம், அதற்காக எதனை விடுக்க ஒருப்படுகிறோம் என்பதைத் தாமே அறிந்துகொண்ட காலம் அது.

கேளாமலே கற்றது

போதாயன விருத்தி என்னும் அரிய உரைநூலைத் தேடி இராமாநுசரும் கூரத்தாழ்வானும் காசுமீரம் வரை சென்றனர். நூல் கையில் கிடைத்தும், திரும்பும் வழியில் அதனை உரியோர் மீட்டுக்கொண்டனர். இராமாநுசர் வருந்திய வேளையில், தாம் இரவுதோறும் அந்நூலைப் படித்து மனத்துள் பதித்திருப்பதாகக் கூரத்தாழ்வான் கூறினார் என்பர். அவரைப் படிக்குமாறு எவரும் ஏவவில்லை. அங்ஙனம் படித்ததைப் பிறர் காணவுமில்லை. தேவை நேர்ந்தபோதுதான் அந்த உழைப்பு வெளிப்பட்டது. காண்போர் இல்லாத இடத்திலும் தொடர்வதே உண்மை விருப்பத்தின் இயல்பு.

நின்ற எழுத்தாணி

இராமாநுசர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச்சொல்ல ஏட்டில் எழுதியவர் கூரத்தாழ்வான். ஏதேனும் கருத்து ஏற்புடையதாகத் தோன்றாவிடின் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களிடையே இருந்த உடன்பாடு. உயிரின் இயல்பைக் குறித்த ஓரிடத்தில் எழுத்தாணி நின்றது. ஆசிரியர் சினந்தார், ஆயினும் மாணவர் எழுதவில்லை. பின்னர் அமைதியாக எண்ணிப் பார்த்த இராமாநுசர், மாணவர் தயங்கியதே சரி என உணர்ந்து கருத்தைத் திருத்தியுரைத்தார். ஆசிரியரை மகிழ்விப்பதற்காக எழுதியிருந்தால் அந்நூல் குறைபட்டிருக்கும். பொருளின்மீது கொண்ட பற்று, ஒப்புதல் பெறும் ஆசையினும் பெரியது என்பதற்கு அந்நின்ற எழுத்தாணி சான்று.

இன்றைய வாயில்கள்

இன்று எல்லாக் கல்லூரிகளும் விருப்பத்தை அளந்து பார்ப்பதில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. அங்கு விருப்பம் பாடப்பிரிவைத் தெரிவுசெய்யும்போதுதான் வெளிப்படும். வடிவமைப்பு, நுண்கலை போன்ற துறைகளின் நிறுவனங்கள் சில, எழுத்துத் தேர்வுடன் கைத்திறன் தேர்வும் நேர்காணலும் நடத்துகின்றன. அயல்நாட்டுக் கல்லூரிகள் பல விருப்பக் கட்டுரை கேட்கின்றன. அமெரிக்காவில் சில கல்லூரிகள், விண்ணப்பிப்பவர் வளாகத்தை நேரில் வந்து பார்த்தாரா என்பதையும் கருத்தில் கொள்கின்றன. வேறு சில அதனைப் பொருட்படுத்துவதே இல்லை. பயணச் செலவு செய்ய இயன்றவருக்கே எளிதாகும் ஒன்றை விருப்பத்தின் அளவுகோலாக்குவது அறமாகாது என்னும் கருத்தும் நிலவுகிறது. எனினும் பொருட்செலவின்றி விருப்பத்தை வளர்க்கும் வழிகள் எல்லார்க்கும் உண்டு.

காஞ்சி வட்டாரத்தின் தறிவீடு ஒன்றில் வளரும் மாணவி, துணி வடிவமைப்புப் படிப்பில் சேர விரும்புவதாகக் கொள்வோம். 'சிறுவயது முதலே எனக்கு இத்துறையில் அளவற்ற ஆர்வம்' என்று அவள் எழுதினால், அது எவரும் எழுதக்கூடிய தொடர். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக அமைய மூன்று நாடாக்கள் ஓடுவதையும், நெய்பவருக்குத் துணையாக மற்றொருவர் அமர்ந்து நாடா தள்ளுவதையும் அவள் நாள்தோறும் காண்கிறாள். அத்துணையாள் கிடைக்காத நாளில் தறி என்னாகிறது, விசைத்தறியில் அந்த இணைப்பு ஏன் அவ்வாறே அமைவதில்லை, முந்தியில் பாவின் நிறத்தை மாற்றுவது எங்ஙனம் என்று தாயிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு ஏட்டில் குறித்துவந்தால், நேர்காணலில் அவள் விருப்பத்தை விளக்கத் தேவையில்லை. அக்குறிப்பேடே பேசும்.

அவள் சேர விரும்பும் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் படித்திருப்பாளாயின், தன் ஏட்டில் விடையின்றி நிற்கும் வினா எது, அதற்கு அங்குள்ள எந்தப் பாடம் வழிகாட்டும் என்பதையும் அவளால் கூற இயலும். இதுவே 'இங்குப் பயில ஏன் விரும்புகிறாய்?' என்பதற்கு நேரான விடை. அறியாத ஒன்றைக் கேட்டால் 'அறியேன்' என்பதும், உடன்படாத கருத்திற்குப் பணிவுடன் காரணம் கூறுவதும் குறையாகா. அவையும் எழுத்தாணியை நிறுத்துவதற்கு ஒப்பானவையே.

முன்கூட்டியே தொடங்குதல்

பிறர் எழுதித் தந்த விருப்பத்தை மனப்பாடம் செய்து ஒரு வாயிலைக் கடந்துவிடவும் கூடும். கடந்தபின் வருவன மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். விரும்பாத பாடத்துடன் நாள்தோறும் வாழ வேண்டிய ஆண்டுகள் அவை. ஏமாந்தவர் தேர்வாளர் மட்டும் அல்லர்.

ஆகவே விருப்பத்தை விண்ணப்ப நாளில் தேடுதல் காலம் கடந்த செயல். பதினோராம் வகுப்பு அதற்கேற்ற பருவம். ஒரு பொருளைத் தெரிவுசெய்து, ஓராண்டு அதனைத் தொடர்ந்து பார்த்து, கேட்டு, செய்து, எழுதிவரும் மாணவருக்கு இரு நன்மைகளுள் ஒன்று உறுதி. விருப்பம் மெய்யானால் அது வளர்ந்து சான்றாகும். மெய்யன்று எனத் தெரிந்தால் தவறான வாயிலில் நிற்கும் துன்பம் நீங்கும்.

நாளந்தாவின் வாயிலில் திரும்பியோர் பலர் என்பதையும் மறத்தலாகாது. இடங்கள் குறைவாகவும் வருவோர் மிகுதியாகவும் உள்ள இடத்தில் மெய்யான விருப்பம் உடையவரும் திரும்ப நேரிடலாம். அந்நாளிலும் குறிப்பேடு கையில் இருக்கும். கற்றது மனத்தில் இருக்கும். காசுமீரத்தில் ஏட்டை மீட்டுக்கொண்டவர்களால், கூரத்தாழ்வான் கற்றதை மீட்டுக்கொள்ள இயலவில்லை.