மாமா கடை ரவுட்டரும் நான் சொன்ன பொய்யும்

"மாப்ள, நாளன்னைக்குத்தான் கடைசி நாள். அது முடியிற வரைக்கும் அந்தப் பெட்டியைத் தொடாத. அப்புறம் நீ என்னமும் பண்ணிக்க!"

திருச்சுழி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கும் எங்க மாமா இதைச் சொன்னது 2018-ஆம் வருஷக் கடைசியில், ஒரு புதன்கிழமை. "சரி மாமா"ன்னு தலையாட்டினேன். வியாழக்கிழமை காலை 8.55-க்குத் தொட்டேன்.

அந்தப் பெட்டி ஒரு பழைய ரவுட்டர். அப்போ நான் அருப்புக்கோட்டையில் காலேஜ் மூணாவது வருஷம். கடையில் நாலு கம்ப்யூட்டர். அரசு வேலை அறிவிப்பு வந்தா போதும், நரிக்குடி, வீரசோழன், எம்.ரெட்டியபட்டின்னு சுத்துப்பட்டிலிருந்து பஸ் பிடிச்சு வந்து நிப்பாங்க. கருவேல முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுச் சம்பாதிக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்கு அந்த விண்ணப்பம் விளையாட்டில்லை. போட்டோ, கையெழுத்து, சர்ட்டிபிகேட் எல்லாம் ஏத்தணும். பாதி ஏறும்போதே 'நேரம் முடிந்தது'ன்னு ஸ்கிரீன் காட்டும். திரும்ப முதலிலிருந்து!

'நெட்டு ஸ்லோ'ன்னு எல்லாரும் திட்டுவாங்க. ஆனா நெட் மேல மட்டும் தப்பில்லை. ஒத்தையடிப் பாதையில் மக்காச்சோள லாரி பத்து வரிசையா நின்னா, பின்னாடி வர்ற சைக்கிளும் நிக்கத்தானே வேணும்? ஒருத்தர் பெரிய ஃபைலை ஏத்தினா, அது ரவுட்டருக்குள்ளும் மோடத்துக்குள்ளும் நீளமா வரிசை கட்டிடும். அடுத்தவரோட குட்டித் தகவல் அதுக்குப் பின்னாடி காத்துக் கிடக்கும். இதுக்கு 'பஃபர்ப்ளோட்'னு பேர். வரிசையைச் சின்னதாக்கி, சைக்கிளை நடுவில் புகுந்து போக விடுற மென்பொருள் லினக்ஸில் இலவசமாவே இருக்கு. ஆனா அந்த ரவுட்டரோடு வந்த ஃபர்ம்வேரில், அதாவது பெட்டிக்குள்ளேயே தங்கி அதை இயக்குற மென்பொருளில், அது இல்லை.

அப்பத்தான் 'ஓப்பன் டபிள்யூஆர்டி' எனக்கு அறிமுகம். இதோட கதை சுவாரஸ்யமானது. லிங்க்சிஸ் கம்பெனி 2002 டிசம்பரில் 'டபிள்யூஆர்டி54ஜி'ன்னு ஒரு வீட்டு ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. உள்ளே ஓடுறது லினக்ஸ்னு சிலர் கண்டுபிடிச்சாங்க. லினக்ஸுக்கு ஜிபிஎல் உரிமம் உண்டு. யார் வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கலாம். ஆனா வாங்கினவங்களுக்கு மூல நிரலையும் தரணும். 'எங்கப்பா நிரல்?'னு கேள்வி மேல கேள்வி வர, 2003-இல் கம்பெனி அதை வெளியிட்டது. அந்த நிரலை வெச்சு 2004-இல் தொடங்கினதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ மேல, உரிமத்தை ஒழுங்கா மதிக்கலைன்னு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் வழக்கே போட்டது. 2009-இல் சமரசம் ஆச்சு.

நம்ம நாட்டிலும் இதுக்கு ஒரு அசத்தல் உதாரணம் உண்டு. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களில் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு அறிவிச்சது. உடனே இமயமலை தர்மசாலாவில் ஒரு குழு, இதே டபிள்யூஆர்டி54ஜி வகைப் பெட்டிகளில் சொந்த ஃபர்ம்வேரை ஏத்தி, மொட்டை மாடிகளில் மாட்டி, மலைச்சரிவில் இருந்த திபெத்திய மக்களோட பள்ளிக்கூடங்களையும் அலுவலகங்களையும் ஒண்ணோடொண்ணு இணைச்சாங்க. வீட்டுக்குள்ளே வைக்கச் செஞ்ச பெட்டி, பனியையும் குரங்குகளையும் சமாளிச்சு நின்னுச்சு! 'அங்கே முடிஞ்சா திருச்சுழியில் முடியாதா?'ன்னு எனக்கு ஒரே துடிப்பு.

திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர். 'நான் யார்?'னு கேட்டவர் அவர். நான் ரவுட்டரைக் கவுத்துப் போட்டு 'நீ யார்?'னு கேட்டேன். சிரிக்காதீங்க, முதல் வேலையே அதுதான். ஒரே மாடல் பேரில் கம்பெனி அஞ்சாறு வெர்ஷன் விடும். உள்ளே சிப் மாறியிருக்கும். பின்னாடி ஸ்டிக்கரில் இருக்கிற வெர்ஷன் நம்பரைப் பார்த்துத்தான் ஃபர்ம்வேரை எடுக்கணும். எங்க பெட்டி சொன்ன பதில்: ஏஆர் 9331 சிப், 4 எம்.பி. ஃபிளாஷ், 32 எம்.பி. ராம். உங்க போனில் எடுக்கிற ஒரு போட்டோவே 4 எம்.பி. இருக்கும் பாஸ்! அதுக்குள்ளே ஒரு முழு லினக்ஸே குடியிருக்கணும்.

மாமாகிட்ட கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் டபிள்யூஆர்டி 18.06-ஐ ஏத்தினேன். ஓடுச்சு. ஆனா வரிசையைச் சரி பண்ணுற அந்த மென்பொருளைச் சேர்க்கப் போனா, 'இடமில்லை'ன்னு கைவிரிச்சிடுச்சு. ஒரே வழி, வேண்டாததைக் கழிச்சுட்டு நமக்கேத்த ஃபர்ம்வேரை நாமே கட்டுறது.

இதை ரெண்டு விதமாச் செய்யலாம். மூல நிரலிலிருந்து எல்லாத்தையும் கம்பைல் பண்ணுறது, உளுந்து ஊறப்போட்டு மாவாட்டி இட்லி சுடுற மாதிரி. மணிக்கணக்கில் ஆகும். 'இமேஜ் பில்டர்'னு இன்னொண்ணு இருக்கு. ஆட்டின மாவை வாங்கி ஊத்துற மாதிரி, சில நிமிஷத்தில் வேலை முடிஞ்சுடும். பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில் உபுண்டு போட்டு ரெண்டாவது வழியில் இறங்கினேன். பிரவுசரில் வர்ற செட்டிங்ஸ் பக்கத்தைத் தூக்கினேன். எல்லாத்தையும் கமாண்ட் அடிச்சே பார்த்துக்கலாம். டயல் பண்ணுற வேலையை மோடமே செய்யுது, அதனால ரவுட்டரில் இருந்த பிபிபி-யையும் தூக்கினேன். காலியான இடத்தில் வரிசை மென்பொருளைச் சேர்த்தேன். புதன்கிழமை ராத்திரி 4 எம்.பி.க்குள் அடங்கின ஃபர்ம்வேர் ரெடி.

'நாளைக்குக் கூட்டம் அள்ளும். காலையில் கடை சூடு பிடிக்கிறதுக்குள்ளே ஏத்திட்டா எல்லாருக்கும் சட்டுனு முடியும். மாமா அசந்து போயிடுவார்'னு மனசுக்குள் கணக்கு. மாமா டீ குடிக்கப் போயிருந்தார். கமாண்டை அடிச்சேன். 'எழுதுகிறேன்'னு ரவுட்டர் சொல்லிக்கிட்டிருக்கும்போதே ஃபேன் நின்னுடுச்சு.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 முதல் மாலை 5 வரை. முந்தின நாள் பேப்பரில் போட்டிருந்தாங்க. நான் பேப்பர் பார்க்கலை. ரவுட்டரை யுபிஎஸ்ஸில் சொருகவும் இல்லை.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டருங்க எழுந்திரிச்சது. ரவுட்டர் எழுந்திரிக்கலை. விளக்கு ஒரு தடவை மினுக்கும், அணையும், திரும்ப மினுக்கும். இப்படி ஆகிறதை 'பிரிக்'னு சொல்வாங்க. செங்கல்லா ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

"என்ன மாப்ள ஆச்சு?"

"வெயில்ல அடாப்டர் போயிருக்கும்னு நினைக்கிறேன் மாமா..."

யோசிக்காம வந்த பொய். மாமா மறுபேச்சுப் பேசாம பைக்கை எடுத்துக்கிட்டு அருப்புக்கோட்டை போய், 250 ரூபாய்க்குப் புது அடாப்டர் வாங்கிட்டு வந்தார். அவர் போயிட்டு வந்த அந்த ஒண்ணே கால் மணி நேரம் இருக்கே... மோடத்தில் நேரா ஒரே ஒரு கம்ப்யூட்டரை மாட்டி வேலை ஓடிச்சு. மத்த மூணும் சும்மா கிடந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒரு அக்கா, "கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடிஞ்சிடுமா தம்பி?"ன்னு கேட்டாங்க. என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியலை.

புது அடாப்டரைச் சொருகினார். அதே மினுக்கல். கடையை மூடினப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

மாமா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ராத்திரி பூரா நீ அதை நோண்டிக்கிட்டிருந்ததை நான் பாக்கலைன்னா நினைச்ச? கெட்டுப் போனது பெருசில்ல மாப்ள. அடாப்டர்னு சொன்னேல்ல... அதான்"னு நிறுத்தினார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அருப்புக்கோட்டைக் கடைகளை அடைச்சிருப்பாங்க. புதுசு வாங்கணும்னா மறுநாள் காலை 10 மணி ஆகும். கூட்டம் 7 மணிக்கே வந்துடும். கையில் இருந்தது அந்த ராத்திரி மட்டும்தான்.

ஒரு நம்பிக்கை இருந்தது. ஃபர்ம்வேர் எழுதும்போது ஃபிளாஷ் முழுக்க அழியாது. ஆரம்பத்தில் 'பூட்லோடர்'னு ஒரு குட்டி நிரல் தனியா இருக்கும். கரண்ட் கொடுத்ததும் முதலில் எழுந்திரிக்கிறது அதுதான். அதை நான் தொடலை. அதுகிட்ட பேச ரவுட்டர் போர்டில் நாலு ஓட்டை இருக்கும், சீரியல் போர்ட். புராஜெக்ட்டுக்கு வாங்கின யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் ஒண்ணு என் பையில் கிடந்தது. பக்கத்துக் கடை டிவி மெக்கானிக் அண்ணன் ராத்திரி 10 மணிக்கு வந்து, நாலு பின்னைப் பத்தவெச்சுக் கொடுத்தார்.

ஸ்கிரீனில் ஒண்ணுமே வரலை. வயிறு கலங்கிடுச்சு. அண்ணன்தான் சிரிச்சுக்கிட்டே, "அது பேசுற கம்பி உன் காதுக்குல்ல போகணும்? வாயையும் வாயையும் ஒட்டி வெச்சிருக்க"ன்னார். ரெண்டு ஒயரை மாத்தினதும் எழுத்துக்கள் ஓட ஆரம்பிச்சது! ஒரு செகண்டுக்குள்ளே மூணெழுத்துச் சொல்லை டைப் பண்ணினா பூட்லோடர் நிக்கும். ஏழாவது தடவையில் நின்னுச்சு.

இனிமேதான் ஆபத்து. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அழிக்கணும்னு நம்பராக் கொடுக்கணும். ஒரு இலக்கம் தப்பினா பூட்லோடரே காலி. இல்லைன்னா, அந்தப் பெட்டிக்குன்னே ஃபேக்டரியில் பதிஞ்ச வைஃபை அளவுகள் அழிஞ்சுடும். திரும்ப எங்கேயும் கிடைக்காது. என் கை நடுங்குச்சு.

"தள்ளு, நான் வாசிக்கிறேன்"னு மாமா கண்ணாடியை மாட்டினார். தினமும் நூறு பேரோட விண்ணப்ப நம்பரைச் சரிபார்க்கிறவர். "ஒம்போது... எஃப்... சைபர்... ரெண்டு... சைபர்... சைபர்... சைபர்... சைபர்." நான் அடிச்சேன். திரும்ப ஒரு தடவை வாசிச்சார். தலையாட்டினார். என்டர் தட்டினேன்.

அழிச்சு, லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியா ஃபர்ம்வேரை அனுப்பி, ஃபிளாஷில் எழுதி, ரீபூட். இந்தத் தடவை நான் கட்டினது இல்லை, ஓப்பன் டபிள்யூஆர்டி தந்த அதே பழைய 18.06. ராத்திரி 1.40-க்கு எல்லா விளக்கும் ஒழுங்கா எரிஞ்சது.

வெள்ளிக்கிழமை நாலு கம்ப்யூட்டரும் ஓடுச்சு. மெதுவாத்தான், ஆனா ஓடுச்சு. முதல் நாள் வந்த அக்கா திரும்ப வந்து முடிச்சுட்டுப் போனாங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமாவே யுபிஎஸ் பிளக்கைச் சொருகிக் கொடுத்து, "இப்ப போடு"ன்னார். என்னோட ஃபர்ம்வேர் ஏறினப்புறம், ஒருத்தர் பெரிய ஃபைல் ஏத்தும்போது நாலு இலக்கத்துக்குப் போய்க்கிட்டிருந்த பிங் நேரம் ரெண்டு இலக்கத்தில் நின்னுச்சு.

அதுக்கப்புறம் ரவுட்டர் மேல ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன். என்ன மாத்தியிருக்கு, எந்தத் தேதியில், பழையபடி ஆக்க என்ன செய்யணும்னு தமிழில். யோசிச்சுப் பார்த்தா ஜிபிஎல் கேக்கிறதும் கிட்டத்தட்ட அதைத்தான். 'மாத்திக்கோ, ஆனா என்ன மாத்தினேன்னு கையில் கொடு.' பெரிய கம்பெனியெல்லாம் நிரலை மறைக்குதுன்னு கேன்டீனில் ஆவேசமாப் பேசின நான், மாமாகிட்டயே மறைச்சிருந்தேன்.

நண்பர்களே, உங்க வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரவுட்டர் தூங்கிக்கிட்டிருக்கலாம். எடுத்துப் பாருங்க. ஆனா எங்களுது மாதிரி 4 எம்.பி. ஃபிளாஷ், 32 எம்.பி. ராம் பெட்டிக்கு 19.07-தான் கடைசி. அந்த வரிசைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022-இல் நின்னுடுச்சு. அதை நேரா இன்டர்நெட்டில் மாட்டாதீங்க, கத்துக்க மட்டும் வெச்சுக்கோங்க. தினசரி உபயோகத்துக்கு 16 எம்.பி. ஃபிளாஷ், 128 எம்.பி. ராம் இருக்கிறதாப் பாருங்க. 2024 நவம்பரில் 'ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன்'னு இந்தத் திட்டத்தோட சொந்த ரவுட்டரே வந்துடுச்சு. என்னை மாதிரி ஆளுங்களை நினைச்சோ என்னவோ, மீட்புக்குன்னே அதில் தனியா ஒரு ஃபிளாஷ் வெச்சிருக்காங்க!

மாமா கடைக்கு ஃபைபர் வந்தாச்சு. பழைய பெட்டி இப்போ ஜூனியர் பசங்ககிட்ட இருக்கு. மூணு தடவை செங்கல்லாக்கி, மூணு தடவையும் எழுப்பிட்டாங்க. நான் ஒட்டின சீட்டுக்குக் கீழே அவங்களும் தேதி போட்டு எழுதியிருக்காங்க. அடாப்டர் மட்டும் இன்னும் மாமா வாங்கின அதேதான்.