தனியே பறக்கும் நாள்

கொழும்புக்குத் தெற்கே, கடலை அண்டியுள்ள இரத்மலானை விமான நிலையம் 1935ஆம் ஆண்டு முதல் விமானங்களைக் கண்டு வருவது. அங்கே பயிலும் மாணவரை எப்போது தனியே பறக்க விடுவீர்கள் என்று ஆசிரியர் ஒருவரை வினவினோம்.

“பறந்த மணிகளை மட்டும் எண்ணி விடுவதில்லை. பக்கக் காற்றுத் தள்ளினால், நான் வாய் திறக்குமுன் மாணவர் தாமே திருத்த வேண்டும். இறக்கம் சரிவராதெனக் கண்டால், வெட்கப்படாது மீண்டும் மேலெழ வேண்டும். எனக்கு வேலையில்லாத நாளில் இறங்கிவிடுவேன்” என்றார்.

அன்று மாணவி ஒருத்தியை விட்டு அவர் இறங்கினார். ஓராள் பாரம் குறைந்த விமானம் விரைந்து ஏறிற்று. ஆசிரியர் எம்முடன் பேசவேயில்லை. ஒரு வட்டம் முடிந்து சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்ட பின்னரே அவர் மூச்சுவிடக் கண்டோம்.