உதவித்தொகைக் கோப்பின் ஓரக்குறிப்புகள்

"மேம், காசு எப்ப ஏறும்?" அரசுக் கலைக் கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் யாரானாலும் ஆண்டு முழுக்கக் காதில் விழும் கேள்வி இது. எவ்வளவு வரும் என்று கேட்கிறவர்கள் குறைவு. எப்போது என்பதுதான் கவலை. தேர்வுக் கட்டணம், விடுதி மெஸ் பில், ரெக்கார்டு நோட்டு எல்லாம் தேதி சொல்லிவிட்டு வருகின்றன. உதவித்தொகைக்கு மட்டும் தேதி இல்லை. நவம்பரில் தேவைப்பட்ட பணம் ஏப்ரலில் வந்து சேரும்போது, வீட்டில் அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். வந்த தொகையில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும்.

*

ஆதார் எண்ணை வங்கிக் கணக்கில் சேர்த்தாயிற்று என்று பாஸ்புக்கைக் காட்டுவார்கள். அது போதாது. வங்கியின் பதிவேட்டில் ஆதார் எண் இருப்பது ஒன்று. இந்த ஆதாருக்கு அரசு அனுப்பும் பணம் இந்த வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் இருப்பது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் பணம் வராது. இரண்டாவது வேறு வங்கியின் பெயரில் இருந்தால் பணம் வரும், ஆனால் அங்கே போய்விடும்.

இரண்டாமாண்டு வேதியியல் மாணவி ஒருத்திக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வரவே இல்லை. தளத்தில் பார்த்தால் 'அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது. அவளும் அவள் அம்மாவும் வங்கிக்கு நடந்து நடந்து அலுத்துவிட்டார்கள். மைஆதார் தளத்தில் அவளை உள்ளே நுழையச் சொல்லி, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தைத் திறந்தோம். அவள் கேள்விப்படாத ஒரு பேமென்ட்ஸ் வங்கியின் பெயர் வந்தது. பிறகுதான் நினைவுபடுத்திச் சொன்னாள்: சிம் கார்டு வாங்கியபோது கடைக்காரர் இரண்டு முறை விரல் வைக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது ரேகைக்கு ஒரு கணக்கு திறந்துவிட்டது. பல மாதத் தொகை அவள் பெயரிலேயே, அவளுக்குத் தெரியாமல், அங்கே சேர்ந்துகிடந்தது. எடுத்துக் கொடுத்ததும் முதலில் தேர்வுக் கட்டணம் கட்டினாள்.

கடைசியாக எந்த வங்கியில் இணைத்தோமோ அதற்குத்தான் பணம் போகும். இந்த ஒரு வரியைச் சேர்க்கைப் படிவத்தோடு அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பயன்படுத்தாமல் கிடந்த கணக்கு முடங்கிப்போவது இன்னொரு தலைவலி. உதவித்தொகைக்காகத் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்கை இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லை என்பதற்காக முடங்கிய கணக்காக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கிளையில் மறுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

*

கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்ற மாணவர். கணிதம் தவிர மற்றவற்றில் கவனம் இல்லாமல் தேர்வில் தவறியதும் அந்தத் தொகை போனது. தொகை போனதும் படிப்பும் போனது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு. விதிப்படி அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இவரிடம் இளங்கலையே இல்லை. விதியைத் தளர்த்தினார்கள். பதிலுக்கு அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேதையை அடையாளம் கண்ட கதையாகத்தான் இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த 75 ரூபாய்தான் முக்கியமாகப் படுகிறது. குமாஸ்தா சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு. வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு முழு நேரமும் கணக்கோடு இருக்கலாம். ஆளை வேறு வேலைக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் அளவுக்குத் தொகை இருந்தால்தான் அது உதவித்தொகை.

*

மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில், கோயம்புத்தூரில். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும். ஷேர் ஆட்டோவுக்கு, ஜெராக்ஸுக்கு, போன் ரீசார்ஜுக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை. ஒரு பெண் தன் கணக்கில் தன் பெயரில் மாதாமாதம் பணம் வருவதைப் பார்க்கிறாள். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது "படிப்பு முடியட்டும், காசு வேற வருதுல்ல" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்கிறார்கள். இதற்காகவே இந்தத் திட்டத்தை நான் கும்பிடுவேன்.

*

சான்றிதழ்கள். இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்: குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அண்ணன் பி.ஏ. முடித்துவிட்டு சும்மா இருந்தாலும் தம்பிக்குக் கிடையாது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய சலுகை. கலந்தாய்வுக்கு முந்தின வாரம் இ-சேவை மையத்தில் நின்றால் கிடைப்பது கடினம். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான். பலர் பள்ளியில் வாங்கியதையே கொண்டுவருகிறார்கள்.

மத்திய அரசுத் தேர்வுகளுக்கு நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் செல்லாது. ஓ.பி.சி. சான்றிதழ் என்று மத்திய அரசு வடிவத்தில் தனியாக, அதுவும் புதியதாக, வாங்க வேண்டும். நெட் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் விண்ணப்பிக்கும் கடைசி நாளில்தான் இது தெரியவருகிறது. இல்லாமல் பொதுப் பிரிவில் போட்டுவிட்டு வயது வரம்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனம் ஆறுவதில்லை.

தமிழ்வழிச் சான்று: அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டம். 2020இல் அதைத் திருத்தி, பட்டப்படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழி வேண்டும் என்றார்கள். நியாயமான திருத்தம். ஆனால் அதற்குப் பிறகு படித்த ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ச் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. தொடக்கப் பள்ளி ஒரு ஊரில், நடுநிலைப் பள்ளி தாத்தா ஊரில். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்த பிறகு அலைவதைவிட மூன்றாம் ஆண்டு மே விடுமுறையில் முடித்துவிடுவது நல்லது.

*

முதுகலை மாணவர்களுக்கு யு.ஜி.சி. வழியாக ஒரு தேசிய உதவித்தொகை இருக்கிறது. மாதம் 15,000, ஆண்டுக்குப் பத்து மாதம். நாடு முழுக்க ஆண்டுக்கு 10,000 பேருக்கு. முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எம்.ஏ. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு கைகூட உயரவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தமிழிலும் வரலாற்றிலும் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, மாலையில் ஜவுளிக் கடையில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிற வகுப்பு அது.

பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கு மத்தியத் துறை உதவித்தொகையும் உண்டு: இளங்கலையில் ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000; குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதலாண்டு வாங்கிவிட்டு இரண்டாமாண்டு புதுப்பிக்காமல் விட்டவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருப்பார்கள்.

*

என் கருத்தைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டில் உதவித்தொகைக்குத் திட்டப் பஞ்சம் இல்லை. திட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்க ஆள் இல்லை. இப்போது அந்த வேலை வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரின் தலையில் கூடுதல் பொறுப்பாக விழுகிறது. அவர் விடைத்தாள் திருத்தப் போனால் கோப்பு நின்றுவிடும். படித்த அப்பா அம்மா உள்ள வீட்டில் இந்தத் தேதிகளையெல்லாம் யாராவது நினைவில் வைத்துக்கொள்வார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த ஆளைக் கல்லூரிதான் தர வேண்டும். நூலகத்துக்கு நூலகர் இருப்பதுபோல் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் வேலைவாய்ப்புக்கும் முழுநேர அலுவலர் ஒருவர் வேண்டும். நான் முதல்வன் திட்டம் 2022இல் வந்த பிறகு திறன் பயிற்சி வகுப்புகள் கல்லூரிக்குள்ளேயே வந்திருக்கின்றன. அந்த ஏற்பாட்டோடு இதையும் சேர்க்க முடியும்.

*

கப்பலேறிப் படிக்கப் போகிறவர்களுக்கு. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில்தான் 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று ஆண்டுகள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55இலிருந்து நடக்கிறது. சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சில இடங்கள் உண்டு. மொத்தம் ஆண்டுக்கு 125. இவ்வளவு பெரிய நாட்டுக்கு 125.

2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி கிடைத்தால் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் செப்டம்பரில் திறந்துவிடும். இடம் கிடைத்து, விசாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் ஜூலையில் இப்படிச் சொல்வது கொடுமை. 2022இலிருந்து இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தத் தொகை இல்லை என்று விதியும் மாற்றிவிட்டார்கள். சாதியைப் பற்றி ஆராய வெளிநாடு போகும் தலித் மாணவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. திறக்க வேண்டும்.

*

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்று கன்சல்டன்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் உண்மை. விசாவுக்கு முன்பே 'பிளாக்ட் அக்கவுன்ட்' என்னும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டிய 11,904 யூரோ பற்றிப் போஸ்டரில் இருக்காது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். பணம் வீணாவதில்லை, மாதாமாதம் திரும்ப எடுத்துச் செலவழிக்கலாம். ஆனால் முதலில் இருக்க வேண்டுமே.

உதவித்தொகை தருகிறோம், அதற்கு முன்பணம் கட்டு என்று யார் கேட்டாலும் ஏமாற்று. கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னாலும் அதேதான்.

*

பட்டம் வாங்கியவர்களுக்கு. தொழில் பழகுநர் பயிற்சி என்றால் ஐ.டி.ஐ. என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை 2014இல் திருத்தியதிலிருந்து பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களையும் எடுக்கலாம். 2019 விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 என்று வைத்தன. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை அரசு ஏற்கிறது. தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் நாட்ஸ் தளத்தில் பதிய வேண்டும். தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இந்த வழியில் ஆள் எடுக்கின்றன.

ஓராண்டு முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். வெளியூரில் அறை எடுத்தால் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அந்தத் தொகை சரியாகிவிடும். பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருடம் நெய்வேலியில் இருந்துவிட்டு வந்த மாணவன் சொன்னது: "மேம், ஒரு மெயில் எப்படி எழுதணும்னு அங்கதான் கத்துக்கிட்டேன்." மூன்று ஆண்டில் நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது. இப்போது மூன்றாமாண்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் இதற்காகவே எடுக்கிறேன்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேயே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் 1,000 பேரைத் தேர்வு வைத்து எடுத்து, நான் முதல்வன் வழியாக மாதம் 7,500 வீதம் பத்து மாதம் தருகிறார்கள்; முதல்நிலையில் தேறினால் 25,000.

*

தமிழ் எம்.ஏ. படிக்கும் பிள்ளைகள் நெட் தேர்வைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தமிழ் அதில் தனிப் பாடம். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தை, தொல்காப்பியத்தையோ நாட்டுப்புறப் பாடலையோ ஆராயும் ஒருவர் சில மாதத்தில் வாங்கலாம். சென்ற முறை தேறிய மாணவி வந்து கேட்டாள்: குரூப் டூ தேர்வும் எழுதியிருக்கிறேன், முடிவு வரவில்லை, எதில் போவது? அப்பா கொத்தனார். தம்பி பிளஸ் ஒன். அரசு வேலைக்குத்தான் வீட்டில் ஓட்டு.

ஜே.ஆர்.எஃப். கடிதம் மூன்று ஆண்டு செல்லும், அதற்குள் பிஎச்.டி.யில் சேர்ந்தால் போதும் என்று சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. இன்றைக்கே சேராவிட்டால் போய்விடும் என்று நினைத்துத் தூக்கம் கெட்டிருந்தாள். நெறியாளர் இருவரின் பெயர் கொடுத்திருக்கிறேன். குரூப் டூ முடிவு வருவதற்குள் இருவரையும் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.