சீரகத் தண்ணீரின் கணக்கு

ஈரோட்டில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்காரும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள்: "எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோங்க, மேடம்." அதற்கான வைத்தியத்தையும் அவர்களே ஆரம்பித்திருப்பார்கள். வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர், பதினொரு மணிக்கு கிரீன் டீ, ராத்திரிக்குக் கொள்ளு ரசம். எதையும் நிறுத்தச் சொல்வதில்லை. நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் என்னென்ன போட்டார்கள் என்று மட்டும் கேட்பேன்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றால் மூன்று வேளைச் சாப்பாடுதான் பதிலாக வரும். "வாயில என்னென்ன போட்டீங்க?" என்றால்தான் பேரன் மிச்சம் வைத்த அரை தோசையும், சீரியல் பார்த்துக்கொண்டே கொறித்த முறுக்கும், சரியாக இருக்கிறதா என்று ருசி பார்த்த பாயசமும் வெளியே வரும். எண்ணெயை யாராலும் ஸ்பூன் கணக்கில் சொல்ல முடியாது. அதனால் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு வகுத்துக்கொள்வேன். நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய 340 கலோரி. தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் கண்ணுக்குத் தெரியாமல் போனது இது.

இப்போது டம்ளருக்கு வருவோம். கொழுப்பு கரைய வேண்டும் என்று எல்லோரும் சுடுதண்ணீர் குடிக்கிறார்கள். உடம்பின் சூட்டுக் கணக்கைப் பார்த்தால் பச்சைத் தண்ணீருக்குத்தான் கொஞ்சம் செலவு உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அரை லிட்டர் தண்ணீரை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர 16 கலோரி போதும். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் இருப்பது 20. காபியின் கதையும் இதேதான். 100 மில்லிகிராம் கஃபீன் ஓய்வுநிலைச் செலவை 3 முதல் 4 சதவீதம் கூட்டும். அதுவும் இரண்டரை மணி நேரத்துக்கு. நாளைக்கு 1,200 கலோரியை ஓய்வில் செலவழிக்கும் ஒரு பெண்ணுக்கு இதில் கூடுதலாகப் போவது நான்கைந்து கலோரி. அந்தக் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் 40 உள்ளே வந்துவிடுகிறது.

அதற்காகச் சீரகத் தண்ணீர் வீண் என்று சொல்ல மாட்டேன். அது எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நான்கு மணி டீயையும் வர்க்கியையும் விட்டுவிட்டு அதைக் குடித்தால் லாபம். டீயும் வர்க்கியும் அப்படியே இருக்க, கூடவே சீரகமும் என்றால் அடுத்த மாதமும் எடைமெஷின் அதே எண்ணைத்தான் காட்டும்.

உணவைச் செரிக்கவே உடம்பு சக்தி செலவழிக்கிறது. இதில் புரதத்தோடு மற்றவை போட்டி போட முடியாது. புரதமாக வரும் 100 கலோரியில் 20 முதல் 30 வரை செரிமானத்திலேயே போய்விடும். மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் அதிகபட்சம் 3. கொங்கு நாட்டுக்காரர்கள் கொள்ளை நம்புவதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது: 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம். ஆனால் ரசம் வைத்துவிட்டு வெந்த கொள்ளை மாட்டுக்குப் போடுகிற வீடுகள் உண்டு. புரதத்தின் பெரும்பங்கு போவது மாட்டுக்கு! "ரசம் இருக்கட்டுமுங்க அம்மா, அந்தப் பருப்பைக் கடைஞ்சு நீங்க சாப்பிடுங்க" என்பேன். "அட, அதுலயா கண்ணு இருக்குது?" என்பார்கள்.

இதிலும் மிகைப்படுத்த விரும்பவில்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து 25 கிராம் புரதம் கூட்டினால் செரிமானக் கணக்கில் கூடுதலாகச் செலவாவது 20 கலோரிக்குள்தான். பெரிய ஆதாயம் வேறு இடத்தில்: வயிறு நிறைந்திருப்பதால் ஆறு மணி பஜ்ஜி நினைவுக்கு வருவதில்லை, எடை குறையும்போது தசை கரைவதும் குறைகிறது.

நாற்பது வயதானால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பதையும் நான் ஏற்பதில்லை. 2021இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடல் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்தால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது. குறைவது நடையும் தசையும்.

உண்மையில் வேகத்தைக் குறைப்பது பட்டினி. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்களுடைய ஓய்வுநிலைச் செலவு சுமார் 40 சதவீதம் இறங்கியது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஜூஸ் மட்டும் குடிக்கிற பெண்களிடம் இதை நிதானமாகச் சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

நிஜமாகவே வேகம் குறைந்தவர்களும் வருகிறார்கள்: தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது மருத்துவர் எழுதிய மாத்திரை. எந்தக் கஷாயமும் அதற்கு ஈடில்லை. ஆனால் காலையில் அந்த மாத்திரையை வாயில் போட்டுச் சூடான ஃபில்டர் காபியோடு விழுங்குகிறவர்கள் ஏராளம். காபி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மாத்திரையை விழுங்குங்கள். காபியோ சீரகத் தண்ணீரோ காலை டிபனோ, எதுவானாலும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.